காயாத தொப்புள்: குடலோடு ஒட்டிய குழாயும் அறுவை சிகிச்சையும்

[திரை: தொப்புளில் சிவந்த சதை, அண்மைக் காட்சி]

குழந்தையின் தொப்புள்கொடி விழுந்து வாரங்கள் ஆகியும் இந்த இடம் ஈரமாகவே இருக்கிறது. சாதாரண கிரானுலோமா (புண் ஆறும்போது வளரும் மிகைச் சதை) என்றால், சதையைச் சுட்டுக் காயவைக்கும் சில்வர் நைட்ரேட் மருந்து வைத்ததும் பெரும்பாலும் சுருங்கிவிடும். இது சுருங்கவில்லை. அப்படியானால் மறுபடி மறுபடி சுடாதீர்கள். பளபளவென்று சளி கசியும் இந்தச் சதை, குடலின் உள்சவ்வாக இருக்கலாம்.

[திரை: கருவின் வரைபடம்]

கருவில் யோக் சாக் என்ற பையையும் நடுக்குடலையும் இணைப்பது விட்டெலைன் குழாய். 5 முதல் 9 வாரத்துக்குள் அது மறைந்துவிட வேண்டும். முழுக்கத் திறந்தே நின்றுவிட்டால் தொப்புள் வழியாக மலமும் காற்றும் வரும். தெளிந்த நீர் மட்டும் வந்தால் யூரேக்கஸைச் சந்தேகிக்க வேண்டும்; அது கருவில் சிறுநீர்ப்பையைத் தொப்புளோடு இணைக்கும் வேறொரு குழாய். துளைக்குள் மெல்லிய குழாய் விட்டு, சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால், சாயம் சிறுகுடலுக்குள் போகிறதா என்பது தெரிந்துவிடும்.

திறந்த குழாயைத் தள்ளிப்போடக் கூடாது. அதன் வழியே குடல் உள்புறம் வெளியாகப் பிதுங்கி, இரத்த ஓட்டம் நின்று அழுகிவிடலாம்.

[திரை: அறுவை அரங்கு, வரைபடம்]

தொப்புளின் கீழ் விளிம்பில் வளைவாகக் கீறி, குழாயைச் சிறுகுடல்வரை பிரித்தெடுக்கிறார்கள். அதற்கு வரும் இரத்தக்குழாயைத் தனியாகக் கட்டுகிறார்கள். குழாயை அடியோடு வெட்டியபின், குடலின் துளையைக் குறுக்குவாட்டில் தைப்பதுதான் முக்கியம். நீளவாக்கில் தைத்தால் அந்த இடத்தில் குடல் குறுகும். அடிப்பகுதி அகலமாக இருந்தால், அந்தத் துண்டுக் குடலையே எடுத்து இரு முனைகளையும் இணைப்பார்கள். தொப்புளை எடுக்க வேண்டியதில்லை.

[திரை: மெக்கல் பை]

விட்டெலைன் குழாயின் குடல் பக்கம் மட்டும் மிஞ்சினால் அது மெக்கல் பை. சுமார் 2 சதவீதம் பேருக்கு உண்டு; பெரும்பாலானோருக்குத் தொல்லையே தராது. சிலருக்கு அதனுள் இரைப்பைத் திசு இருக்கும். அது சுரக்கும் அமிலம், பையை ஒட்டிய சிறுகுடலைப் புண்ணாக்கும். குழந்தை வலி என்று சொல்லாது, மலத்தில் மட்டும் நிறைய இரத்தம் போகும். டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேன் இரைப்பைத் திசுவைத்தான் காட்டும்; அது இல்லாத பை ஸ்கேனில் தெரியாது. இரத்தம் போன குழந்தைக்குப் பையை மட்டும் வெட்டினால் புண் உள்ளேயே தங்கிவிடக்கூடும். அதனால் பக்கத்துக் குடலையும் சேர்த்துப் பலர் எடுக்கிறார்கள்.

குழாய் நாராக மாறித் தொப்புளோடு ஒட்டியிருந்தால், அதைச் சுற்றிக் குடல் முறுக்கிக்கொள்ளலாம். பச்சை வாந்தி, வயிறு உப்பல்: உடனே மருத்துவமனை. முதலில் நரம்பு வழியே திரவம், மூக்கு வழியே இரைப்பைக் குழாய். அடுத்து தாமதமின்றி அறுவை.