சும்மா வந்த மாடும் சும்மா வந்த பேப்பரும்

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில என்கிட்ட இல்லாத பெருமையெல்லாம் சேர்த்துச் சொன்ன செயலாளர் அவர்களே, முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அய்யா, நூலகர் அம்மா, மைக்கை எனக்குத் தகுந்த மாதிரி இறக்கிக் கொடுத்த சவுண்ட் சர்வீஸ் தம்பி, பேர் விட்டுப்போன பெரியவங்க, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி, போன வருஷமும் இதே கலர்தான், பரவாயில்ல.

தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதேம்பாங்க. என்னைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், இந்தப் பழமொழியைச் சொல்லாம நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன். இன்னைக்கு அது சரியாப் பொருந்துது, ஏன்னா தலைப்பே இலவச நகர வாரப் பத்திரிகை. அமெரிக்காவுல ஆல்டர்நேட்டிவ் வீக்லின்னு சொல்லுவாங்க. தெருமுனையில ஒரு பெட்டி நிக்கும், காசு போடுற ஓட்டையே இருக்காது, கதவைத் திறந்து ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். இதுல மூணு விஷயம் பேசப் போறேன்: யார் காசு, யார் எழுத்து, யார் பத்திரப்படுத்துறது.

முதல்ல காசு. 1955ல நியூயார்க்ல வில்லேஜ் வாய்ஸ் ஆரம்பிச்சப்போ அது காசு கொடுத்து வாங்குற பேப்பர்தான். 1971ல காலேஜ்ல ஒண்ணாப் படிச்ச பசங்க சிலர் சேர்ந்து சிகாகோ ரீடர்னு ஆரம்பிச்சு சும்மாவே கொடுத்தாங்க. கணக்கு சிம்பிள், வாசகர்கிட்ட வாங்குற சில்லறையைவிட இத்தனை பேர் கைக்குப் போகுதுன்னு காட்டி விளம்பரக்காரர்கிட்ட வாங்குறது பெரிசு. கடைசிப் பக்கங்களைப் புரட்டினா எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து, வாடகைக்கு ரூம், பழைய கிதார் விற்பனைக்கு, எங்க பேண்டுக்கு டிரம்மர் தேவைன்னு. அந்த எறும்புதான் பேப்பரையே தூக்கிட்டுப் போச்சு. ஆஸ்டின் க்ரானிக்கிள்னு இன்னொரு வாரப் பேப்பர்காரங்க 1987ல ஒரு பெரிய இசை விழாவே ஆரம்பிச்சாங்க, அதை அப்புறம் சொல்றேன். 1995ல சான்ஃபிரான்சிஸ்கோவுல க்ரெய்க்ஸ்லிஸ்ட்னு இன்டர்நெட்ல சும்மாவே விளம்பரம் போடுற இடம் வந்துச்சு, போகப்போக வரி விளம்பரம் மொத்தமும் இன்டர்நெட்டுக்குப் போயிடுச்சு. சும்மா கொடுத்தவனை அதைவிடச் சும்மா கொடுத்தவன் கவுத்துட்டான். முதல்ல சொன்ன வில்லேஜ் வாய்ஸ் 2017ல அச்சை நிறுத்தி, அடுத்த வருஷம் மொத்தமா நின்னு, 2021ல திரும்பி வந்துச்சு. வந்துச்சே, அது போதும்.

ரெண்டாவது, யார் எழுத்து. இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், தலைவர் மணியைப் பார்க்கக் கூடாது. அமெரிக்காவுல ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லேண்ட்ல வில்லாமெட் வீக்னு ஒரு இலவச வாரப் பேப்பர், அதுல நைஜல் ஜாக்விஸ்னு ஒரு நிருபர், முன்னாடி எண்ணெய் வர்த்தகம் பார்த்தவர். அந்த மாநிலத்துல நீல் கோல்ட்ஷ்மிட்னு ஒருத்தர், மேயரா இருந்தார், மத்திய மந்திரியா இருந்தார், கவர்னராவும் இருந்தார், அவர் பேச்சை மீறி அங்க ஒண்ணும் நடக்காதுன்னு பேரு. அவர் மேயரா இருந்தப்போ 14 வயசுப் பொண்ணைச் சீரழிச்சிருக்கார், முப்பது வருஷமா வெளிய வரல. நிருபர் என்ன பண்ணார்? கோர்ட்டுல கிடந்த பழைய காகிதத்தைத் தோண்டினார், ஆளுங்களைத் தேடித்தேடிப் பேசினார். 2004 மே மாசம் பேப்பர் போய் விளக்கம் கேட்குது. பெரிய மனுஷர் நேரா பெரிய தினசரிக்குப் போய் தானே ஒப்புக்கிட்டார், சின்னப் பேப்பர் போடுறதுக்குள்ள நாமளே பதமாச் சொல்லிடலாம்னு. தினசரியும் தலைப்புல அதை ஏதோ காதல் விவகாரம் மாதிரி ஒரு வார்த்தை போட்டு எழுதுச்சு, பதினாலு வயசுப் பொண்ணுக்கு, கேட்டீங்களா! வாரப் பேப்பர் அச்சுக்கு நாள் இருக்கு, என்ன பண்றது? காத்திருக்கல, அன்னைக்கே வெப்சைட்ல ஏத்திட்டாங்க. அடுத்த வருஷம் புலனாய்வுக்கான புலிட்சர், அமெரிக்கப் பத்திரிகைக்காரங்களோட பெரிய விருது, அந்த நிருபருக்குத்தான். கேஸ் போட மட்டும் முடியல, சட்டம் கொடுத்த கெடு எப்பவோ தாண்டிப் போச்சு. (கை தட்டாதீங்க, அந்தப் பொண்ணை நினைச்சுப் பாருங்க.)

இப்ப நான் கேட்கிறது, அந்தக் கோர்ட்டுக் காகிதத்தை எவனாவது எடைக்குப் போட்டிருந்தா?

மூணாவது விஷயத்துக்கு வந்துட்டேன், இதுக்காகத்தான் ரெண்டு வருஷமா ஒவ்வொரு மேடையா ஏறிக்கிட்டு இருக்கேன். காசு கொடுத்து வாங்கினதை ஷெல்ஃப்ல வைப்போம், சும்மா வந்ததை அலமாரிக்கு அடியில விரிப்போம். போன மாசம் பார்சல் பிரிக்கும்போது சுத்தியிருந்த பழைய இலவசப் பேப்பர் ஒண்ணை எடுத்தேன், டீக்கறை மாதிரி பழுப்பேறி மடிப்புல தொட்டதுமே அப்பளம் மாதிரி உடைஞ்சுது, பாதி வரி என் விரல்ல ஒட்டிக்கிச்சு. நியூஸ்பிரிண்ட்டுக்கு, அதான் பேப்பர் அச்சடிக்கிற மலிவுக் காகிதம், ஆயுசு அவ்வளவுதான். பாஸ்டன் ஃபீனிக்ஸ்னு ஒரு வாரப் பேப்பர் 2013ல மூடினதுக்கு அப்புறம் அதோட பழைய இதழ்களை நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தாங்க, அதனால இன்னைக்கும் ஒருத்தர் போய்ப் படிக்கலாம். எல்லாப் பேப்பருக்கும் அந்தக் கொடுப்பினை இல்ல.

அதனால தானமா வந்த மாட்டை நான் பல்லைப் பிடிச்சும் பார்ப்பேன், யார் விளம்பரத்துல வளர்ந்துச்சுன்னு கேட்பேன், ஆனா தொழுவத்துல கட்டியும் வைப்பேன். இலவசப் பேப்பர் எது வந்தாலும் ஒரு காப்பி நூலகத்துல வருஷவாரியா பைண்டிங் பண்ணி வைக்கணும், இதுதான் கோரிக்கை. நூலகர் அம்மா இடம் இல்லைன்னு தலையாட்டுறாங்க, அம்மா, அந்தப் பொன்னாடை பீரோ ஒண்ணு இருக்கே!

இசை விழா பத்திச் சொல்றேன்னேன், தலைவர் மணி அடிச்சுட்டார். கையெழுத்துத் தாள் வாசல்ல இருக்கு, போட்டுட்டுப் பேனாவை அங்கேயே வச்சுட்டுப் போங்க, போன கூட்டத்துல ரெண்டு காணாமப் போச்சு.