யாரையும் பிடிக்கவில்லை, சரி; அப்புறம்?

(ஈரோட்டில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது. எழுத்தில் கொண்டுவரும்போது சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

"இந்தத் தடவை யாரையும் பிடிக்கலைங்க, ஓட்டுப் போடப் போறதில்லை." தேர்தல் தேதி அறிவித்த மறுநாளிலிருந்து டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் கேட்கிற பேச்சு இது. சொல்கிறவர் பெரும்பாலும் விவரம் தெரியாதவர் இல்லை. பேப்பர் படிப்பவர், போன தேர்தலில் யார் என்ன வாக்குறுதி கொடுத்தார் என்பதை நினைவில் வைத்திருப்பவர். அவருடைய கோபத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறாரே, அதோடுதான் சண்டை.

இதைப் பேச ஈரோட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. எந்த ஊர் மேடையில் ஏறினாலும் பேச்சாளர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஆனால் 2025 பிப்ரவரியை யோசித்துப் பாருங்கள். ஈரோடு கிழக்கில் இடைத்தேர்தல். அ.தி.மு.க. புறக்கணித்தது, பா.ஜ.க.வும் புறக்கணித்தது. 46 வேட்பாளர்கள் நின்றார்கள். அவ்வளவு பேர் இருந்தும், அந்தக் கட்சிகளுக்கே வழக்கமாகப் போடுகிற ஒருவருக்கு ஆள் இல்லை. பிடித்தவர் இல்லை என்பது அங்கே மனநிலை மட்டுமில்லை, நிஜ நிலவரமே அதுதான்.

அந்த வாக்காளர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு வருடத்துக்கு முன், 2023இல் இதே தொகுதியில் நடந்த இடைத்தேர்தலோடு ஒப்பிட்டால் கொஞ்சம் புரியும். அப்போது அ.தி.மு.க. வேட்பாளர் வாங்கியது 43,923. நாம் தமிழர் வாங்கியது 10,827. 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்று அழுத்துகிற நோட்டா எண்ணூறைத் தொடவில்லை. 2025இல் நாம் தமிழர் 24,151க்குப் போனது. நோட்டா 6,109 ஆகி மூன்றாவது இடத்துக்கு வந்தது. வாக்குப்பதிவு ஏறத்தாழ 75 சதவீதத்திலிருந்து 68க்கு இறங்கியது. ஜெயித்த தி.மு.க. வேட்பாளருக்கு 1,15,709 கிடைத்தது. 2023இல் அதே கூட்டணியின் காங்கிரஸ் வேட்பாளர் வாங்கியதைவிட இது அதிகம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேறு சின்னத்துக்குப் போன ஓட்டு தெரிகிறது. நோட்டாவுக்குப் போன ஓட்டும் தெரிகிறது. அந்த 6,109ஐப் பற்றி மறுநாள் எல்லாப் பத்திரிகையும் எழுதியது. வீட்டில் இருந்தவர்களைப் பற்றி மட்டும் யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் வராதவர் கணக்கில் யார் யாரோ இருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்க் குடியேறியவர் இருக்கிறார். இறந்துபோயும் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படாதவர் இருக்கிறார். உடம்பு முடியாதவர், சோம்பல்பட்டவர், கொள்கையோடு கோபித்துக்கொண்டவர் என்று அத்தனை பேரும் ஒரே வரிசை. உங்கள் கோபத்துக்கென்று தனிக் கட்டம் அங்கே இல்லை.

வாக்குச்சாவடிக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கட்சி ஏஜெண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், ஒவ்வொருவர் கையிலும் வாக்காளர் பட்டியல். அலுவலர் வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாகப் படிப்பார். ஏஜெண்டு பென்சிலால் ஒரு டிக் போடுவார். மதியம் மூன்று மணிக்கு மேல் வெளியே இருக்கிற ஆள், "எந்தத் தெரு பாக்கி?" என்று கேட்டு, டிக் விழாத பெயர்களை எழுதிக்கொண்டு கிளம்புவார். முதல் தேர்தலில் வராதவரைத் தேடி வண்டி வரும். இரண்டாம் தேர்தலிலும் வரவில்லை என்றால், "அவங்க போட மாட்டாங்க, விடு" என்று தாண்டிப் போய்விடுவார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டது என்று அந்த வீட்டுக்காரர் நாளைக்கு வார்டு கவுன்சிலரிடம் போய் நின்றால், அவர் மனதில் ஓடுகிற கணக்கிலும் அந்த டிக் இல்லாத பெயர் இருக்கும். நான் இதை நியாயம் என்று சொல்லவில்லை. நடப்பதைச் சொல்கிறேன்.

சரி, அப்படியென்றால் நோட்டாவா? அதற்கும் நம் மாவட்டத்தோடு ஓர் ஒட்டுறவு இருக்கிறது. பவானி பக்கத்துக் காடப்பநல்லூரில் பிறந்த நீதிபதி சதாசிவம் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது, அவர் தலைமையிலான அமர்வுதான் 2013 செப்டம்பர் 27 அன்று நோட்டா பொத்தானை வைக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது மக்கள் சிவில் உரிமைக் கழகம், 2004இல். அதற்கு முன்னால் நமக்கு இருந்தது 49-ஓ என்ற தேர்தல் விதி. பெயர் பிரபலம், பயன்படுத்தியவர்கள் குறைவு. காரணம் எளிது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, "எனக்கு ஓட்டுப் போட விருப்பமில்லை" என்று அலுவலரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். அவர் உங்கள் பெயருக்கு எதிரே குறிப்பு எழுதி மறுபடி கையெழுத்து வாங்குவார். நான்கு கட்சி ஏஜெண்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான்கு பேரும் உங்கள் தெருக்காரர்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஓட்டுப் போடுகிறவருக்கு ரகசியம் உண்டு, மறுக்கிறவருக்கு இல்லை என்றால் அது என்ன நியாயம் என்று நீதிமன்றம் கேட்டது. நல்ல கேள்வி.

ஆனால் நோட்டாவைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு கதையை இங்கேயே இறக்கி வைத்துவிடுகிறேன். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் நோட்டா முதலிடம் வந்தாலும் மறுதேர்தல் கிடையாது. அடுத்த இடத்தில் இருக்கிற வேட்பாளர் ஜெயித்தவர், அவ்வளவுதான். டெபாசிட் கணக்குக்குக்கூட நோட்டா ஓட்டைச் சேர்ப்பதில்லை. 2024இல் இந்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நாளில் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு பா.ஜ.க.வில் சேர்ந்தார். ஆத்திரத்தில் காங்கிரஸ் நோட்டாவுக்குப் போடச் சொன்னது. 2,18,674 பேர் போட்டார்கள். இந்தியாவில் அதுவரை இல்லாத எண்ணிக்கை. பா.ஜ.க. வேட்பாளர் பதினோரு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் எம்.பி. ஆனார். அதே தேர்தலில் சூரத்தில் ஒருவர் மனு தள்ளுபடியாகி, மற்றவர்கள் வாபஸ் வாங்கி, மிச்சமிருந்தவர் போட்டியின்றி வந்துவிட்டார். அங்கே நோட்டாவை அழுத்த மெஷினே வைக்கவில்லை.

அதற்காக நோட்டா வீண் என்று நான் சொல்ல மாட்டேன். சாவடிவாரியாக யாருக்கு எத்தனை என்ற பட்டியலைத் தேர்தல் முடிந்ததும் வெளியிடுகிறார்கள். கட்சிக்காரர்கள் அதை வரிவரியாகப் படிக்கிறார்கள். ஒரு சாவடியில் நோட்டா மூன்று என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். பக்கத்துச் சாவடியில் அறுபது என்றால், அந்தப் பகுதியில் என்ன பிரச்சினை என்று கிளைச் செயலாளர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனாலும் பெரும்பாலான தேர்தலில் நோட்டாவுக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. நாம் ஓட்டை ஏதோ வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி நினைக்கிறோம். மாப்பிள்ளை குணம், குலம், பழக்கவழக்கம் எல்லாம் பிடித்தால்தான் சம்மதம். இந்த ஆளுக்கு நான் போட்டால் இவர் செய்த எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பாகிவிடுவேனே என்று ஒரு நண்பர் கேட்டார். ஆக மாட்டீர்கள். ஓட்டுச்சீட்டில் பாராட்டுப் பத்திரம் எதுவும் இல்லை. இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் ஐந்து வருடம் அந்த நாற்காலியில் உட்காரத்தான் போகிறார். யார் உட்கார்ந்தால் நாம் போய்க் கேட்க முடியும், யாரை அடுத்த முறை இறக்குவது எளிது, யாரால் சேதம் குறைவு என்பது மட்டும்தான் அன்றைய கேள்வி. இதற்குப் பிடித்தம் தேவையில்லை.

மொடக்குறிச்சியைச் சொல்லாமல் இறங்கினால் என்னை விட மாட்டீர்கள். 1996இல் விவசாயிகள் தங்கள் கோரிக்கையை யாரும் கேட்கவில்லை என்று கூட்டமாக மனுத்தாக்கல் செய்தார்கள். 1,033 வேட்பாளர்கள்! வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது; தேர்தலையே தள்ளிவைத்தார்கள். அப்போது டெபாசிட் 250 ரூபாய்தான். 88 பேருக்கு ஓர் ஓட்டுகூட விழவில்லை, அதாவது அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை. ஜெயித்தது தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். அதே வருடம் டெபாசிட் தொகையை 5,000 ஆக்கினார்கள். இன்று அது 10,000. கோரிக்கைக்கு வந்த பதில் அதுதான் என்று சிலர் கசப்போடு சொல்வார்கள். ஆனால் மொடக்குறிச்சி என்ற பெயரை நாடு முழுவதும் உச்சரித்தது.

அதே சுப்புலட்சுமி ஜெகதீசன் 2021இல் அதே மொடக்குறிச்சியில் பா.ஜ.க.வின் சரஸ்வதியிடம் தோற்றார். வித்தியாசம் 281 ஓட்டு. அந்த முடிவு நல்லதா கெட்டதா என்பது இந்த மேடைக்கான பேச்சு இல்லை. அன்று அந்தத் தொகுதியில் ஆயிரக்கணக்கானவர்கள் சாவடிக்கே வரவில்லை. இரண்டு தெருக்காரர்கள் ஒன்றுசேர்ந்திருந்தால் தொகுதியின் எம்.எல்.ஏ.வையே முடிவு செய்திருக்கலாம்.

மஞ்சளை வைத்தும் ஒன்று சொல்ல வேண்டும், இது மஞ்சள் ஊராயிற்றே. 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 178 விவசாயிகள் மஞ்சள் வாரியம் கேட்டு நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார்கள். அவர்களில் யாரும் ஜெயிக்கவில்லை. அன்றைய முதல்வரின் மகள் கவிதா, பதவியில் இருந்த எம்.பி., ஏறத்தாழ 70 ஆயிரம் ஓட்டில் தோற்றார். வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தில் எழுதிக்கொடுத்த பா.ஜ.க.வின் அரவிந்த் ஜெயித்தார். தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் நிஜாமாபாத்திலேயே திறக்கப்பட்டது. ஆறு வருடம் இழுத்தது, வந்ததால் விலை என்ன ஆனது என்பதெல்லாம் தனிக் கதை. மஞ்சள் மண்டிக்காரர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். யாரையும் பிடிக்காதவர்கள் என்ன செய்யலாம் என்பதற்கு அவர்கள் ஒரு வழி காட்டினார்கள் என்பதே என் பேச்சு.

புறக்கணிப்பையும் ஒரே மாதிரி பார்க்கக் கூடாது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராமம் 2024 தேர்தலைப் புறக்கணித்தது. அது ஊரே கூடி, காரணத்தை அறிவித்து, அதிகாரிகள் வந்து பேசியும் அசையாமல் செய்தது. எதற்காக வரவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நகரத்தில் ஒருவர் லீவு நாள் என்று ஏற்காட்டுக்குப் போய்விட்டு அதையும் புறக்கணிப்பு என்று சொன்னால் ஏகனாபுரத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் தொகுதி வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும். உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்ன பிறகு கிடைத்த வசதி இது. வழக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்து மிரளாதீர்கள். மறியலில் உட்கார்ந்தவர் மீதும் வழக்கு இருக்கும், நில மோசடி செய்தவர் மீதும் இருக்கும்; எந்தப் பிரிவு என்று படியுங்கள். முன்பு நின்றவர் என்றால் அப்போது காட்டிய சொத்தையும் இப்போது காட்டுகிற சொத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் இரண்டு பேரோடு நிறுத்திவிடாமல் பட்டியலில் பத்தாவதாக இருக்கிற சுயேச்சையையும் ஒரு பார்வை பாருங்கள். அதற்குப் பிறகும் ஒருவரும் தேறவில்லை என்றால் மெஷினில் கடைசிப் பொத்தான் இருக்கிறது, தாராளமாக அழுத்துங்கள்.

மண்டபத்தை எட்டரைக்குக் காலி செய்ய வேண்டுமாம். கேள்வி இருப்பவர்கள் கை தூக்குங்கள்.