பெயர் கிடைக்கும், கெட்ட பெயரும் கிடைக்கும், அறை கிடைக்குமா?

நண்பர்களே, வணக்கம்.

பழைய பாரிஸ் ஓவியர்களைப்போல ஊரே பேசும் போஹீமியன் கலைஞராக, அதாவது ஊர்க் கட்டுப்பாடுகளை மதிக்காமல் கலைக்காகவே வாழ்பவராக, இன்றைக்கு ஒருவர் ஆக முடியுமா? இதுதான் எனக்குத் தந்திருக்கும் கேள்வி. புகழ் இன்றும் கிடைக்கிறது. கெட்ட பெயர் வாங்குவது அதைவிடச் சுலபம். ஆனால் அந்த வாழ்க்கைக்கு அடியில் இருந்த ஒன்று போய்விட்டது. குறைந்த வாடகையைத்தான் சொல்கிறேன்.

பாரிஸில் மோமார்த் குன்றின்மேல் பத்தோ லவுவார் என்று ஒரு மரக்கட்டடம் இருந்தது. குளிர்காலத்தில் விறைக்கும், கோடையில் வேகும். அத்தனை பேருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். 1904 முதல் 1909 வரை பிக்காசோ குடியிருந்தது அங்கேதான். நகரின் தெற்கே லா ரூஷ். 1900 உலகக் கண்காட்சியில் மது அரங்காக நின்ற கட்டடத்தை அல்ஃப்ரெட் பூஷே என்ற சிற்பி வாங்கி, அங்கே கொண்டுவந்து நிறுத்தி, 1902-ல் காசில்லாத கலைஞர்களுக்குச் சொற்ப வாடகைக்கு விட்டார். ஷகாலும் சூத்தினும் அங்கே இருந்தார்கள். மோபர்னாஸில் ரோத்தோந்து காப்பிக் கடை முதலாளி விக்தோர் லிபியோன், ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்களை எழுப்பவில்லை. பாக்கிக்கு ஓவியத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

இவையெல்லாம் சுவையான கதைகளாகவே நமக்குச் சொல்லப்படுகின்றன. எனக்கு இவற்றில் தெரிவது நேரம். 'அவின்யோன் பெண்கள்' என்ற, ஐந்து பெண்கள் இருக்கும் பெரிய ஓவியத்தை பிக்காசோ 1907-ல் வரைந்தார். பார்த்த நண்பர்களே முகம் சுளித்தார்கள். பொதுமக்கள் அதைப் பார்த்தது 1916-ல்! ஒன்பது வருடம் ஒரு படம் உலகத்துக்குத் தெரியாமல் இருந்தது, அவரோ வேலையைத் தொடர்ந்தார். இன்று ஓர் இளம் ஓவியர் காலையில் ஆரம்பித்த படம் மாலைக்குள் இன்ஸ்டாகிராமில் வந்துவிடுகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாத வாடகை அதிலிருந்துதான் வரவேண்டும்.

இதற்காக அந்த வறுமையைக் கொண்டாட வேண்டாம். 1917-ல் பாரிஸில் மொதில்யானி என்ற ஓவியரின் கண்காட்சி நடந்தபோது, ஜன்னலில் வைத்த நிர்வாண ஓவியத்தை எடுக்கச் சொல்லி போலீஸ் வந்தது. இரண்டே வருடத்தில், 1920 ஜனவரியில், 35 வயதில் காசநோயில் இறந்தார். அவருடைய துணைவி ழான் எபுத்தேர்ன் நிறைமாதக் கர்ப்பிணி. இரண்டு நாளுக்குள் மாடியிலிருந்து குதித்து உயிரை விட்டார். அந்தக் காலத்தில் மொதில்யானி வரைந்த ஒரு நிர்வாண ஓவியம் 2015-ல் 17 கோடி டாலருக்கு ஏலம் போனது. இதை யாராவது 'அழகான போஹீமியன் வாழ்க்கை' என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, நம் காலத்துக்கு வருவோம். லண்டனின் பழைய கப்பல்துறைகள் மூடிக் கிடந்தபோது, அங்கே காலியாக நின்ற ஒரு கட்டடத்தில்தான் 1988-ல் டேமியன் ஹர்ஸ்ட் என்ற கலை மாணவர் தன் சகமாணவர்களைச் சேர்த்துக் கண்காட்சி வைத்தார். 1993-ல் டிரேசி எமின், சாரா லூகாஸ் என்ற இரண்டு இளம் கலைஞர்கள் கிழக்கு லண்டனில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்துத் தாங்கள் செய்ததை அங்கேயே விற்றார்கள். அப்புறம் 1999-ல் எமின் தன் கலைந்த படுக்கையை, காலி மது பாட்டில்களும் சிகரெட் துண்டுகளும் சூழ, டேட் காட்சியகத்தில் அப்படியே வைத்தார். பத்திரிகைகள் பொங்கின. அந்தப் படுக்கை 2014-ல் 25 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. ஆனால் இவர்கள் ஆரம்பித்த அந்தக் கிழக்கு லண்டனில் இன்று வேலைசெய்ய இடம் தேடும் இருபது வயதுக்காரர் என்ன செய்வார்?

இன்றைய பரபரப்பு வேறு வகை. 2019-ல் மவுரிசியோ கட்டெலான் என்ற இத்தாலியக் கலைஞர் சுவரில் ஒட்டிய வாழைப்பழம் 2024-ல் 62 லட்சம் டாலருக்கு விற்றது. அதில் ஊர் பேசியது விலையைத்தான். மொதில்யானியின் ஓவியத்தைப்போல அதை எடுக்கச் சொல்லும் அளவுக்கு யாரும் அதிரவில்லை. கலைஞரைக் கண்டு அதிகாரம் உண்மையிலேயே பயப்படும் இடங்கள் இன்றும் இருக்கின்றன. சீனாவில் ஐ வெய்வெய்யை 2011-ல் 81 நாள் அடைத்து வைத்தார்கள். அந்தப் பெயருக்கு அவர் கொடுத்த விலை பெரிது.

நம் சென்னைக்கு அருகிலேயே ஒரு வழி கண்டார்கள். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி செய்து விற்ற பணத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். சோழமண்டலம் கலைஞர் கிராமம் அப்படி உருவானதுதான். கலகம், குடி, ஊர்வம்பு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. நிலம் அன்றைக்கு வாங்கக்கூடிய விலையில் இருந்தது, அவ்வளவுதான்.

எமினும் இப்போது அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கிறார். தான் வளர்ந்த மார்கேட் நகரில் ஒரு பழைய குளியலகக் கட்டடத்தை ஓவியக்கூடங்களாக மாற்றி, இளம் கலைஞர்களுக்குச் சலுகை வாடகையில் தருகிறார். அங்கே சிகரெட் பிடிக்கக் கூடாது, சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது என்று விதி உண்டு. அவப்பெயரின் உச்சியைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், இளையவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்து எடுத்த முடிவு அது. நான் அவர் பக்கம்.