பெர்மிட் இல்லாமல் ஸ்னோமொபைல் ஓட்டினால்? ஒன்டாரியோவில் யார் பிடிப்பார்கள், எவ்வளவு அபராதம்

[காட்சி: பனி மூடிய காட்டுத் தடம். வளைவில் ஒரு அறிவிப்புப் பலகை, அதன் பக்கத்தில் இரண்டு ஸ்னோமொபைல்கள்]

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஸ்னோமொபைல், அதாவது ஸ்லெட் என்றும் சொல்கிற பனியில் ஓடும் மோட்டார் வண்டி, ஓட்டுகிற சிலரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. சீசன் தொடங்கிய பிறகு முழு விலைக்குத் தடத்தில் ஓட்டும் பெர்மிட் வாங்கினால் 200 டாலரைத் தாண்டிவிடும். பெர்மிட் இல்லாமல் மாட்டினால் சட்டப்படி குறைந்தபட்ச அபராதம் 200 டாலர். அப்புறம் எதற்கு வாங்க வேண்டும், மாட்டினால் கட்டிக்கொள்ளலாம், மாட்டாவிட்டால் லாபம்தானே என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் ஓட்டை எங்கே என்று பார்த்துவிடலாம், அதோடு வழியில் உங்களை நிறுத்துவது யார், அவர்களுக்கு என்ன அதிகாரம், யாருக்கெல்லாம் பெர்மிட்டே தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வண்டியைப் பதிவு செய்வது வேறு, தடத்துக்கு பெர்மிட் வாங்குவது வேறு. பதிவு எண்ணும் அதற்கான ஸ்டிக்கரும் மாகாணப் போக்குவரத்து அமைச்சகத்தின் வேலை, நம் கார் நம்பர் பிளேட் மாதிரி. பெர்மிட் என்பது ஓ.எஃப்.எஸ்.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒன்டாரியோ ஸ்னோமொபைல் கிளப்புகளின் கூட்டமைப்பு பராமரிக்கிற தடங்களில் போவதற்கான அனுமதி. அந்தத் தடங்கள் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 30,000 கிலோமீட்டர் வரும். "நான்தான் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கிறேனே, இன்ஷூரன்ஸும் இருக்கிறதே" என்று நிற்கிறவர்கள் நிறைய. இரண்டும் வேண்டியதுதான், இரண்டும் பெர்மிட் ஆகாது.

இது கிளப் போட்ட விதி, கிளப் வசூலிக்கிற சந்தா என்று நினைத்தால் அதுவும் தப்பு. மோட்டார் பனி வாகனச் சட்டம் என்று மாகாணச் சட்டம் ஒன்று இருக்கிறது, 2000-இல் அதைத் திருத்தி, இந்தத் தடங்களில் ஓட்ட பெர்மிட் கட்டாயம் என்று ஆக்கினார்கள். விற்பது கூட்டமைப்பு, ஆனால் பெர்மிட்டுக்குப் பின்னால் நிற்பது சட்டம். அதனால்தான் இல்லாமல் போனால் கிளப்காரர் திட்டுவதோடு முடியாமல் கையில் டிக்கெட் வருகிறது.

[காட்சி: முன்கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர், அருகிலிருந்து]

பெர்மிட் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. வீட்டில் இரண்டு ஸ்லெட் இருந்தால் இரண்டு பெர்மிட். வெளியே தெரிகிற மாதிரி வண்டியில் ஒட்டியிருக்க வேண்டும், ஜாக்கெட் பையில் வைத்துக்கொண்டு "இதோ இருக்கிறது சார்" என்று காட்டுவதற்கானது இல்லை. ஒரு வண்டியிலிருந்து உரித்து இன்னொன்றில் ஒட்டுவது, மச்சானிடம் வாங்கி ஒட்டுவது, இதெல்லாம் தனிப் பிரச்சினை. ஆன்லைனில் வாங்கிவிட்டு தபாலுக்குக் காத்திருக்கிறீர்களா, அதுவரை தருகிற தற்காலிக உறுதிச் சீட்டை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிறது என்று நினைத்துப் போய், குளிரில் பேட்டரி செத்துப்போய், கையுறையைக் கழற்றிவிட்டுத் திரையைத் தட்டிக்கொண்டு நிற்பது தேவையா?

சரி, யார் நிறுத்துவார்கள்? இங்கேதான் பலருக்குக் குழப்பம், ஏனென்றால் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டவர்கள் எல்லாரும் ஒரே அதிகாரத்தோடு வருவதில்லை.

ஒன்டாரியோ மாகாணப் போலீஸில் ஸ்னோமொபைல், ஏ.டி.வி. என்கிற கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் வண்டி, படகு ஆகியவற்றுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, சேவ் என்று கூப்பிடுவார்கள். அவர்கள் முழு போலீஸ். அடுத்து ஸ்டாப் அதிகாரிகள். இவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. இவர்கள் தன்னார்வலர்கள், சம்பளம் கிடையாது, வாரநாளில் வேறு வேலை பார்க்கிறவர்கள், வாரக்கடைசியில் தங்கள் சொந்த நேரத்தில் தடத்தில் ரோந்து போகிறார்கள். ஆனால் மாகாணப் போலீஸிடம் பயிற்சி பெற்று, சிறப்புக் காவலர் என்ற சட்ட அந்தஸ்து பெற்றவர்கள். டிக்கெட் எழுதலாம். 1990களின் தொடக்கத்தில் சட்பரி பகுதியில் ஸ்னோமொபைல் மரணங்கள் அதிகமானபோது தொடங்கிய திட்டம் இது, பிறகு மாகாணம் முழுக்கப் பரவியது. "இவர் வாலண்டியர்தானே" என்று அலட்சியமாகப் பேசி, வாங்க வேண்டியதற்கு மேல் ஒரு டிக்கெட் கூடுதலாக வாங்கிக்கொண்டு போனால் அது உங்கள் வாயால் வந்தது.

மூன்றாவது, கிளப்புகளின் சொந்த ரோந்துக் குழு. இவர்கள் பெர்மிட்டைக் காட்டச் சொல்லலாம், இல்லையென்றால் திரும்பிப் போகச் சொல்லலாம், தடத்தில் என்ன உடைந்திருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். டிக்கெட் எழுதும் அதிகாரம் இல்லை. இன்னும் மாகாண இயற்கை வள அமைச்சகத்தின் கன்சர்வேஷன் அதிகாரிகள். ஏரிப் பக்கம் மீன் உரிமம் பார்க்க வருகிறவர்கள் உங்கள் ஸ்லெட்டையும் பார்ப்பார்கள், அந்த அதிகாரமும் அவர்களுக்கு உண்டு.

[காட்சி: தடமும் சாலையும் சந்திக்கும் இடம், கையை உயர்த்தி நிறுத்தும் அதிகாரி]

காட்டுக்குள் துரத்திக்கொண்டு வர மாட்டார்கள். அதற்குத் தேவையும் இல்லை. எல்லா வண்டியும் வேகம் குறைக்கிற இடம் எதுவென்று அவர்களுக்குத் தெரியும்: சாலையைக் கடக்கிற சந்திப்பு, குறுகிய பாலம், டிரெய்லர் நிறுத்துகிற மைதானம், பெட்ரோல் போடுகிற இடம். அங்கே நின்றுகொண்டு வருகிற எல்லாரையும் நிறுத்தினால் போதும். பார்ப்பது பெர்மிட்டை மட்டும் இல்லை, பதிவு, இன்ஷூரன்ஸ் சீட்டு, ஓட்டுநர் உரிமம், ஹெல்மெட், மூச்சில் மது வாடை, எல்லாவற்றையும்தான். குடித்துவிட்டு ஸ்லெட் ஓட்டி மாட்டினால் கார் உரிமமும் போகும். பெர்மிட்டுக்காக நிறுத்திய இடத்தில் வேறு எதற்கோ சிக்கிக்கொள்வது சகஜம்.

இப்போது பணம். பெர்மிட் இல்லாமல் ஓட்டியதற்குச் சட்டம் சொல்வது குறைந்தது 200, அதிகபட்சம் 1,000 டாலர். டிக்கெட்டில் வருகிற தொகையோடு நீதிமன்றச் செலவும் பாதிக்கப்பட்டோர் நிதிக்கான கூடுதல் கட்டணமும் சேரும், எனவே கட்டப்போவது 200 இல்லை, அதற்கு மேலேதான். கையில் டிக்கெட் வந்தால் 15 நாள் இருக்கிறது: கட்டிவிடலாம், அல்லது விசாரணை கேட்கலாம், அதற்கு முன்னால் வழக்குத் தரப்போடு பேசித் தீர்க்கக் கூட்டம் கேட்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் நீங்கள் மறுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

என் கருத்தைக் கேட்டால், அந்தக் குறைந்தபட்சத் தொகை பழையதாகிவிட்டது. பெர்மிட் விலை ஏறிக்கொண்டே வருகிறது, 200 என்பது அப்படியே நிற்கிறது, இரண்டும் பக்கத்தில் வந்து நின்றால் ஆரம்பத்தில் சொன்ன கணக்கு யாருக்கும் தோன்றத்தான் செய்யும். ஆனாலும் அந்தக் கணக்கு தப்பு. அபராதம் கட்டினால் பெர்மிட் கிடைப்பதில்லை, அன்றைக்கு மீதி வழியையும் ஓட்ட முடியாது, அடுத்த வாரம் மாட்டினால் அடுத்த டிக்கெட். பெர்மிட் வாங்கியவர் ஒரு முறை கொடுத்து ஒரு சீசன் முழுக்க ஓடுகிறார்.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது: ஓட்டுவதற்குத் தடமே இல்லாமல் போகலாம். இந்தத் தடங்கள் அரசு நிலத்தில் மட்டும் போவதில்லை, தெற்கு ஒன்டாரியோவில் பெரும்பாலும் விவசாயிகளின் சொந்த நிலத்தின் வழியாகத்தான் போகின்றன. அந்த நிலக்காரர் கிளப்புக்குப் பனிக்காலத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறார், நிறைய இடங்களில் அதற்கு ஒரு காசும் வாங்காமல். அவருடைய பனிக்கடியில் குளிர்காலக் கோதுமை இருக்கலாம். தடத்தைவிட்டு இறங்கி நாலு வண்டி வயலில் வட்டம் அடித்தால் பனி இறுகி, வசந்தத்தில் அந்த இடத்தில் பயிர் சொட்டையாகத் தெரியும். அவர் ஒரு வருடம் பொறுப்பார். அடுத்த வருடம் வேலியைக் கட்டிவிட்டு முடியாது என்பார். 40 கிலோமீட்டர் தடத்தில் ஒரு நிலம் அடைபட்டால் மீதி 39 கிலோமீட்டரும் நடுவில் ஒரு பலகை உருவிய மரப்பாலம்தான். சுற்றிப் போக இன்னும் ஐந்து நிலக்காரர்களிடம் போய்க் கேட்க வேண்டும்.

[காட்சி: வேலிக் கம்பத்தில் சிவப்பு வட்டம்]

அத்துமீறலுக்குத் தனிச் சட்டம், அதன் அபராதம் 10,000 டாலர் வரை போகலாம். பெர்மிட் இருந்தாலும் இது வரும் என்பதுதான் விஷயம். கம்பத்தில் சிவப்பு அடையாளம் பூசியிருந்தால், 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் அடங்கும் அளவுக்கு இருந்தால் போதும், "உள்ளே வராதே" என்று எழுதி வைக்கவே தேவையில்லை. வேலி கட்டிய நிலம், பயிர் வைத்த நிலம் என்றால் அந்தச் சிவப்புகூடத் தேவையில்லை. கூட்டமைப்பின் ஆன்லைன் வரைபடத்தில் தடங்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரும், சிவப்பு என்றால் மூடியது, சிவப்பில் இருக்கிற தடத்தில் ஓடினால் ஸ்டிக்கர் உங்களைக் காப்பாற்றாது. அவருடைய நிலத்தில் அனுமதியில்லாமல் போகும்போது நிலக்காரர் நிறுத்தச் சொன்னால் நின்று யார் என்று சொல்ல வேண்டும், இதுவும் சட்டத்திலேயே இருக்கிறது.

பெர்மிட் பணம் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் ஒரு இரவு தடத்தைச் சமப்படுத்தும் குரூமர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். டிராக்டர் மாதிரி ஒரு பெரிய வண்டி, பின்னால் நீளமான இரும்புச் சட்டம். சட்டத்தின் முன்பக்கப் பிளேடுகள் பனி மேடுகளை வெட்டி, கலக்கி, பள்ளத்தில் நிரப்பும், கடைசியில் இருக்கிற தட்டை அதை அழுத்திவிட்டுப் போகும். வண்டி மெதுவாகத்தான் நகரும். இரவில் செய்வதற்குக் காரணம், வெட்டிய பனி குளிரில் சில மணி நேரம் கிடந்தால்தான் இறுகும். உடனே மேலே ஏறி ஓட்டினால் உழுத நிலம் மாதிரி ஆகி எல்லா வேலையும் வீண். இந்த இயந்திரம் ஒன்று பல லட்சம் டாலர், டீசலும் பழுதுபார்ப்பும் தனி.

எல்லாருக்கும் பெர்மிட் வேண்டுமா? இல்லை. தன் நிலத்துக்குள் ஓட்டுகிற நிலக்காரருக்கு வேண்டாம். அரசு நிலத்தில் மீன் பிடிக்க, வேட்டைக்கு, பொறி வைக்க, மரம் வெட்ட, சுரங்க வேலைக்குப் போகிறவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் "மீன் பிடிக்கத்தான் போகிறேன்" என்று சொல்பவரிடம் தூண்டிலே இல்லையென்றால் அதிகாரிக்கும் கண் இருக்கிறது. ஏரியில் கம்பம் நட்டுக் குறித்த தடத்துக்கு பெர்மிட் வேண்டும், குறிக்காத வெறும் பனிப்பரப்புக்கு வேண்டாம். அங்கே பனிக்கட்டியின் கனம் உங்கள் பொறுப்பு.

டொரண்டோவிலிருந்து ஒரு வாரக்கடைசிக்கு ஹாலிபர்ட்டன், மஸ்கோகா பக்கம் போய் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த வண்டியில் பெர்மிட் ஒட்டியிருக்கிறதா? கடைக்காரரைக் கேட்டுவிட்டு, நீங்களும் கண்ணாடியைப் பார்த்துவிடுங்கள். வழியில் நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியது ஓட்டுகிறவர். சொந்த வண்டி வைத்திருந்து இரண்டு மூன்று நாள் மட்டும் ஓட்டப் போகிறவர்களுக்குக் குறுகிய கால பெர்மிட் இருக்கிறது, 1999 அல்லது அதற்கு முந்தைய மாடல் பழைய ஸ்லெட் வைத்திருப்பவர்களுக்குக் குறைந்த விலையில் வேறொன்று. முழு சீசனுக்கு வாங்குவதாக இருந்தால் பனி விழும் வரை காத்திருக்காதீர்கள், பல வருடமாக நவம்பர் 1-க்குள் வாங்கினால் மலிவு, டிசம்பர் 1-க்குப் பிறகு முழு விலை என்றுதான் நடக்கிறது. ஒட்டாவா ஆற்றைத் தாண்டிக் கியூபெக் பக்கம் போவதாக இருந்தால் ஒன்டாரியோ ஸ்டிக்கரை நம்பிப் போகாதீர்கள், அங்கே கூட்டமைப்பு வேறு, பெர்மிட் வேறு.