குதிரையை விடுங்க, பீடத்தைப் பாருங்க

வணக்கம் மக்களே! லண்டன்ல, நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே ஓல்டு பேலஸ் யார்டுல நிக்கிறேன். பின்னாடி வாளைத் தூக்கிக்கிட்டு குதிரை மேல இருக்கறவர் முதலாம் ரிச்சர்ட். சிலுவைப் போருக்குப் போன இங்கிலாந்து ராஜா. இங்க வர்றவங்க குதிரையோட செல்ஃபி எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க. நாம கீழ பீடத்தைப் பாக்கப் போறோம்.

சிற்பி கார்லோ மரோகெட்டி, இத்தாலிக்காரர். 1851ல லண்டன்ல நடந்த மகா கண்காட்சியில இதோட களிமண் மாதிரியை வச்சாங்க. வெண்கலச் சிலை 1860ல இங்க ஏறுச்சு. பீடத்துல இருக்கற ரெண்டு புடைப்புச் சிற்பமும், அதாவது பலகை மேல உருவங்கள் எழும்பி நிக்கற மாதிரி வடிச்சதும், சில வருஷம் கழிச்சு சேர்த்தது.

ஒண்ணு சிலுவைப் போர்க் காட்சி. அது எதிர்பார்த்ததுதான். இன்னொண்ணுதான் என்னைப் பிடிச்சு நிறுத்துது. மேல கம்பீரமா இருக்கற அதே ராஜா, இதுல சாகப் போற படுக்கையில கிடக்கறார்!

1199ல பிரான்ஸ்ல ஷாலு கோட்டையை முற்றுகை போட்டப்போ, குறுக்குவில் அம்பு ஒண்ணு அவர் தோள்ல பாஞ்சுது. புண் அழுகிடுச்சு. அம்பு விட்டவனைக் கூட்டிட்டு வரச் சொல்றார். "என் அப்பாவையும் ரெண்டு அண்ணன் தம்பியையும் நீ கொன்னே"ன்னு அவன் முகத்துக்கு நேரா சொன்னதா அந்தக் காலத்துக் குறிப்பு ஒண்ணு சொல்லுது. ராஜா மன்னிச்சு, 100 ஷில்லிங்கும் கொடுத்து அனுப்பச் சொல்றார். இந்த மன்னிப்பைத்தான் மரோகெட்டி வடிச்சிருக்கார்.

தனிச் சிலையால இதைச் சொல்லவே முடியாதுங்க. குதிரை மேல ஒரு ஆள் இருந்தா வீரம்னு புரியும், அவ்வளவுதான். எதிரெதிரா ரெண்டு பேர், நடுவுல ஒரு தீர்ப்பு, இதுக்கெல்லாம் பலகை வேணும். நேரா நின்னு பாக்காதீங்க, கொஞ்சம் சாய்வா வாங்க. வெளிச்சம் பக்கத்துல இருந்து விழுந்தாத்தான் மேடு பள்ளம் எழும்பி வரும்.

ஆனா கதை அங்க முடியல. ராஜா செத்ததும் அவரோட படைத்தலைவன் மெர்காதியே, அந்த வில்லாளியைத் தோலுரிச்சுத் தூக்குல போட்டான்னு அதே குறிப்புல இருக்கு. பலகையில அது கிடையாது. ராஜாவோட பெருந்தன்மை மட்டும் நின்னுடுச்சு, அவனுக்கு நடந்தது விட்டுப்போச்சு. எனக்கு இது பெரிய குறைதான். இருந்தாலும் ராஜாவுக்கு எழுப்பின சின்னத்துலயே அவரைக் கொன்னவனுக்கும் ஒரு இடம் கிடைச்சிருக்கு. இந்தப் பக்கம் வந்தீங்கன்னா அவனைத் தேடிப் பாருங்க.