கேஸ் தீர்ந்துபோகாது

வணக்கம் நேயர்களே. காலையில் ஃபிரிட்ஜைத் திறக்கிறீர்கள். உள்ளே விளக்கு எரிகிறது. ஆனால் பால் பாக்கெட்டைத் தொட்டால் வெதுவெதுப்பு. நேற்று அரைத்து வைத்த இட்லி மாவு பொங்கி, மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிடுகிறீர்கள். வருகிறவர்களில் பலர் பின்பக்கம் ஒரு தரம் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வது ஒன்றுதான்: "கேஸ் போயிடுச்சும்மா, சார்ஜ் பண்ணணும்."

கேஸ் என்பது ஃபிரிட்ஜின் குழாய்களுக்குள் சுற்றிக் குளிரூட்டும் வாயு. அது போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் குளிர் நின்றுபோவதற்கு அதைவிடச் சின்னக் காரணங்கள், கையில் பிடித்துக் கழற்றக்கூடிய காரணங்கள் நிறைய உண்டு. அவற்றை வரிசையாகத் தள்ளிவிட்டுத்தான் கடைசியாகக் கேஸுக்கு வரவேண்டும். அந்த வரிசையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். காதும் கையும் இருந்தால் போதும். பின்பக்கம் கை போவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், அது ஒன்றுதான் நிபந்தனை.

முதலில் காது. ஃபிரிட்ஜின் பின்னால், அடியில், கறுப்பாகச் சின்னச் சொம்பு மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர். பக்கத்தில் நின்று ஐந்து நிமிடம் கேளுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். ஓடிக்கொண்டே இருக்கும், அல்லது சத்தமே இருக்காது, அல்லது 'ம்ம்ம்' என்று சில விநாடி முக்கிவிட்டு 'டிக்' என்று நின்றுவிடும். ஓடுகிறதா, ஓடவில்லையா, முக்கி நிற்கிறதா. இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

சத்தமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே விளக்கு எரிந்தால் கரண்ட் வருகிறது. அடுத்து தெர்மோஸ்டாட் திருகு, அதாவது குளிரைக் கூட்டிக் குறைக்கும் எண் போட்ட திருகு. காய்கறிப் பையைத் திணிக்கும்போது இடித்து, அது சைபருக்குத் திரும்பியிருக்கும். சிரிக்க வேண்டாம், அடிக்கடி நடப்பது. எண் கூடக்கூடக் குளிர் கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பல வீடுகளில் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள். இரண்டு கதவு வைத்த, ஐஸ் கட்டாத வகை ஃபிரிட்ஜாக இருந்தால் இன்னொன்று: அது சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானே கம்ப்ரசரை நிறுத்திவிட்டு உள்ளே படிந்த ஐஸை உருக்கும். இருபது, முப்பது நிமிடம் சத்தமில்லாமல் இருப்பது அதற்கு இயல்பு. அரைமணி நேரம் பொறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அசைவில்லை என்றால், தெர்மோஸ்டாட்டின் இரண்டு ஒயரையும் ஒன்றாக இணைத்து மெக்கானிக் பார்ப்பார். உடனே கம்ப்ரசர் ஓடினால் கோளாறு தெர்மோஸ்டாட்டில். மாற்றினால் தீர்ந்தது.

இனி முக்கிவிட்டு நிற்கிற கம்ப்ரசர். நம் ஊரில் கோடைகாலத்தில் இதற்கு முதல் காரணம் வோல்டேஜ். தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடுகிற இரவு நேரத்தில் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 170, 180 வரும். விளக்கு மங்கலாக எரியும். மின்விசிறி எப்படியோ சுற்றும். ஆனால் நின்றிருக்கும் கம்ப்ரசர் எழுந்து ஓட ஆரம்பிக்க அந்த பலம் போதாது. முக்கும், சூடாகும், ஓவர்லோட் என்கிற சின்னப் பொத்தான் அதைக் காப்பாற்றுவதற்காகக் கரண்டைத் துண்டிக்கும். அதுதான் அந்த 'டிக்'. ஆறியதும் மறுபடி முயலும்.

கரண்ட் போய் உடனே திரும்பி வந்தாலும் இதேதான். கம்ப்ரசரின் ஒரு பக்கம் அழுத்தம் இன்னும் இறங்கியிருக்காது. கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே என்கிற சின்னச் சாமானும் சூடு ஆறியிருக்காது. அதற்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வேண்டும். நேரம் தாமதித்துக் கரண்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்வது இதற்காகத்தான். ஸ்டெபிலைசர் இல்லையா, கரண்ட் வந்ததும் சுவிட்சை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

வோல்டேஜ் சரியாக இருந்தும் முக்கல் நிற்கவில்லை என்றால் ரிலேயைப் பார்க்கவேண்டும். கம்ப்ரசரின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் செருகியிருப்பார்கள். அதற்குள் நாணயம் மாதிரி ஒரு பீங்கான் வில்லை இருக்கிறது. கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் ஸ்டார்ட் சுருளுக்குக் கரண்ட் விடும். உடனே தானே சூடாகி அந்த வழியை அடைத்துவிடும். பழைய ரிலேயைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கிலுகிலுவென்று சத்தம் வந்தால் வில்லை உடைந்துவிட்டது. சில நூறு ரூபாய்ச் சாமான். இதற்காகக் கம்ப்ரசரையே மாற்ற ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ரிலேயும் ஓவர்லோடும் புதிதாகப் போட்டும் கிளம்பாவிட்டால்தான் கம்ப்ரசரின் மூன்று பின்களில் இரண்டிரண்டாக மீட்டர் வைத்து மின்தடையை அளப்பது. இரண்டு சின்ன அளவுகளைக் கூட்டினால் பெரிய அளவு வரவேண்டும். 10 ஓம், 15 ஓம் என்றால் மூன்றாவது 25. எந்தப் பின்னுக்கும் கம்ப்ரசரின் உடம்புக்கும் தொடர்பே காட்டக்கூடாது. காட்டினால் சுருள் கருகிவிட்டது. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வர்ட்டர் கம்ப்ரசருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் மூன்று அளவும் ஒன்றாக இருக்கும், அதற்குக் கரண்ட் கொடுப்பது தனி போர்டு. அதன் பின்னில் வீட்டுக் கரண்டை நேராகக் கொடுத்துப் பார்க்க யாரையும் விடாதீர்கள்.

சரி, கம்ப்ரசர் ஓடுகிறது, ஆனால் குளிர் இல்லை. இப்போது ஃபிரீசரைத் திறந்து பாருங்கள். மேலே ஐஸ் கட்டி கட்டியாக இருக்கிறது, கீழே மட்டும் தக்காளி வாடுகிறது என்றால், கேஸ் மேல் பழி போட வேண்டாம். இரண்டு கதவு ஃபிரிட்ஜில் பெரும்பாலும் குளிர் பிறக்கிற இடம் ஒன்றுதான்: ஃபிரீசரின் பின்பலகைக்குப் பின்னால் இருக்கும் 'காயில்' என்கிற குழாய்ச் சுருள். அந்தக் குளிரை ஒரு சின்ன ஃபேன் ஊதிக் கீழே அனுப்புகிறது. மேலே குளிர் இருந்து கீழே இல்லை என்றால், வழியில் ஏதோ அடைத்திருக்கிறது. ஃபேன் நின்றிருக்கலாம். கதவைத் திறந்தால் பல மாடல்களில் ஃபேன் தானே நிற்கும். கதவுப் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்துக் கேளுங்கள், 'ஸ்' என்று காற்று வரவேண்டும். அல்லது மாவுப் பாத்திரம்! பத்துப் பேர் வீட்டுக்கு அரைத்த மாவுக் குண்டானைப் பின்சுவரோடு ஒட்டி வைத்தால் துளை வழியே வரும் காற்று அதன் முதுகில் முட்டி நின்றுவிடும். நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

அதைவிட அதிகமாகப் பார்ப்பது, அந்தக் குழாய்ச் சுருள் மேல் ஐஸ் கட்டியாக இறுகிப்போவது. சொன்னேன் இல்லையா, தானே உருக்கும் என்று. அதற்கு ஒரு ஹீட்டர், குளிர்ந்தால் இணைந்து சூடானால் விலகும் ஒரு பைமெட்டல், அளவுக்கு மீறிச் சூடானால் ஒரே தடவை அறுந்துபோகும் ஒரு ஃபியூஸ், நேரம் பார்க்க ஒரு டைமர் அல்லது போர்டு இருக்கும். இந்த நான்கில் ஒன்று போனாலும் ஐஸ் உருகாது, காற்று போகாது. வீட்டிலேயே சோதிக்கலாம். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் ஒரு முழு நாள் திறந்து வையுங்கள். அடியில் பழைய துண்டு போடுங்கள், தண்ணீர் நிறைய வரும். பிறகு ஓடவிடுங்கள். ஒரு வாரம் அருமையாகக் குளிர்ந்து, பிறகு மெல்ல மெல்ல மங்கினால் கோளாறு இந்த நான்கில்தான். மெக்கானிக்கிடம் இதை அப்படியே சொல்லுங்கள், கேஸ் பேச்சே வராது.

மேலும் கீழும் இரண்டிலுமே குளிர் இல்லை, கம்ப்ரசர் மட்டும் ஓய்வில்லாமல் ஓடுகிறது என்றால் கையை வைத்துப் பார்க்கவேண்டும். பின்பக்கம் கறுப்புக் கம்பி வலை இருந்தால் அது, இல்லையென்றால் இரண்டு பக்கச் சுவர்கள். அரைமணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அங்கே சூடு தெரியவேண்டும். சுவர் சுடுகிறதே என்று சிலர் பயப்படுகிறார்கள். சுடத்தான் வேண்டும், உள்ளே இருந்த சூடுதான் வெளியே வருகிறது. வலையில் பஞ்சு மாதிரித் தூசி அடைத்திருந்தால், அல்லது ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்தால், அந்தச் சூடு போக வழியில்லை. தூசியைத் தட்டி, ஒரு சாண் இடைவெளி விட்டு, ஒரு நாள் பாருங்கள்.

சூடே இல்லை, கம்ப்ரசர் மட்டும் ஓடுகிறது என்றால், இப்போதுதான், இத்தனைக்கும் பிறகுதான், கேஸ். ஃபிரீசரில் கேஸ் நுழைகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை படிந்து மற்ற இடம் வெறுமையாக இருந்தால் அது கேஸ் குறைந்ததன் அடையாளம்.

இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். கேஸ் என்பது ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருவது அல்ல. உள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. இருபது வருடம் ஓடினாலும் அதே கேஸ்தான். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றினால் அடுத்த மாதம் மறுபடி அதே கதை. மறுபடி சொல்கிறேன், கேஸ் தீராது. ஓட்டை இருந்தால்தான் போகும். அதனால் மெக்கானிக்கிடம் முதலில் கேட்கவேண்டியது 'எவ்வளவு ஆகும்' என்பதல்ல, 'எங்கே லீக்' என்பது.

சிங்கிள் டோர் ஃபிரிட்ஜில் அந்த ஓட்டையைப் பெரும்பாலும் போடுவது நம் வீட்டுக் கத்திதான். ஐஸ் பெட்டியின் சுவரே அலுமினியத் தகடு, அதன் மடிப்புக்குள்தான் கேஸ் ஓடுகிறது. ஒட்டிக்கொண்ட மீன் பொட்டலத்தைக் கத்தியால் நெம்பினால் ஒரு குத்தில் எல்லாம் போய்விடும். ஐஸ் அரை விரல் கனம் ஏறினால் டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தி உருகவிடுங்கள். கத்தி மட்டும் வேண்டாம்.

இந்தக் கேஸுக்கு ஒரு கதை உண்டு. ஆரம்பக்கால வீட்டு ஃபிரிட்ஜ்களில் இருந்தவை அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு. எல்லாம் விஷம். பெர்லினில் ஒரு குடும்பம் ஃபிரிட்ஜிலிருந்து கசிந்த கேஸால் இறந்த செய்தியைப் படித்த ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், இயற்பியலாளர் லியோ சிலார்டோடு சேர்ந்து, கசிவதற்கு அசையும் பாகமே இல்லாத ஃபிரிட்ஜ் ஒன்றை வடிவமைத்தார். 1930ல் அமெரிக்காவில் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் அது கடைக்கு வரவில்லை. காரணம், அதே காலத்தில் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லி விஷமில்லாத, எரியாத ஃபிரியான் என்கிற கேஸைக் கொண்டுவந்துவிட்டார். 1930ல் வேதியியலாளர்கள் கூட்டத்தில் அவர் அதை மூச்சில் இழுத்து, எரிகிற மெழுகுவத்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் இல்லை என்று உலகம் நிம்மதியானது. அந்தக் கேஸ் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974ல் தெரிந்தது. அதைப் படிப்படியாக நிறுத்த 1987ல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. பிறகு ஓசோனை அரிக்காத ஆர் 134ஏ என்கிற கேஸ் வந்தது. இப்போது புது ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர் 600ஏ. அது ஐசோபியூட்டேன், நம் அடுப்பு சிலிண்டரில் இருப்பதன் நெருங்கிய சொந்தம். மெழுகுவத்தியை அணைத்த கேஸ் போய், மெழுகுவத்தியில் பற்றிக்கொள்ளும் கேஸ் வந்திருக்கிறது.

பயப்படச் சொல்லவில்லை. உள்ளே இருப்பது ஐம்பது கிராம் அளவுதான், அடைத்த குழாய்க்குள் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. ஆனால் கம்ப்ரசரில் மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுடர் படம் இருந்தால், கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயில் வெல்டிங் சுடர் வைக்க விடாதீர்கள். ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்து, கேஸை வெளிக்காற்றில் விட்டு, குழாயைக் கட்டரால் வெட்டவேண்டும். ஓட்டையை அடைத்த பிறகு ஈரத்தை உறிஞ்சும் டிரையர் என்கிற செம்புக் குப்பியைக் கண்டிப்பாக மாற்றவேண்டும். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்கும் வாக்குவம் பம்பை அரைமணி நேரமாவது ஓடவிடவேண்டும். இதைத் தவிர்த்தால் உள்ளே தங்கிய ஈரம் தலைமுடி மாதிரிக் குறுகிய கேப்பிலரி குழாயின் முனையில் ஐஸாகி அடைக்கும். சில மணி நேரம் குளிரும், நிற்கும், உருகும், மறுபடி குளிரும். கடைசியில் கேஸைத் தராசில் எடை போட்டு ஏற்றவேண்டும், ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராம் கணக்கில். ஐம்பது கிராமில் பத்து கிராம் தவறினால் ஐந்தில் ஒரு பங்கு தவறு. தராசு கொண்டுவராதவர் ஏற்றும் கேஸ் குத்துமதிப்புதான்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். கதவு ரப்பரைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், சுருக்கமாக: ஒரு ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஹேர் டிரையரால் இளக்கிப் பாருங்கள், பிறகு மாற்றலாம். ஃபிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு முன் யாரும் தொட வேண்டாம்.

ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால் கதவைத் திறக்காமல் வைத்தால் கீழ்த்தட்டுக் குளிர் நான்கு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் ஆனால் பால், மீன், கறி, சமைத்த குழம்பை வைத்திருக்க வேண்டாம். மாவு புளிக்கத்தான் செய்யும், அதை ஊற்றிச் சாப்பிடலாம். ஊறுகாய்க்கு ஒன்றும் ஆகாது. வணக்கம்.