கூட்டத்துக்கு வராத பெற்றோர்

வணக்கம், நேயர்களே.

பெற்றோர் ஆசிரியர் கழகம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இரண்டுதான். ஒன்று, சந்தா ரசீது. இன்னொன்று, மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வரிசையில் நின்றது. நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, பிறகு தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றவன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இந்தக் கூட்டங்களை நிறையவே பார்த்திருக்கிறேன். வந்தவர்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இன்றைக்கு வராதவர்களைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு வழக்கமான கூட்டம் எப்படி நடக்கும்? வரவேற்புரை. போன ஆண்டுத் தேர்ச்சி விழுக்காடு. வரவு செலவு. அப்புறம் நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி: ‘தலைவரின் அனுமதியுடன் இதர பொருள்’. அந்த வரிக்கு வந்து சேரும்போது பாதிப் பேர் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பியிருப்பார்கள். முன் வரிசையில் இருப்பவர்கள் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர். அவர்கள் வருவதில் தவறொன்றும் இல்லை, வரட்டும். ஆனால் வகுப்பாசிரியர் மனதில் வேறு ஐந்தாறு பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும். அடிக்கடி விடுப்பு எடுக்கிற பையன், அரையாண்டில் திடீரென்று சறுக்கிய பெண். கூட்டம் முடிந்து ஆசிரியர் அறைக்குத் திரும்பியதும் முதலில் கேட்கிற பேச்சு, “வர வேண்டியவங்க யாரும் வரலையே சார்” என்பதுதான்.

ஏன் வரவில்லை? ‘அக்கறை இல்லை’ என்பது எல்லாரும் சொல்கிற பதில். எனக்கு அது ஒருநாளும் போதுமானதாகப் படவில்லை. வேலை நாளில் பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால், தினக்கூலிக்குப் போகிறவர் அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். இரவுப் பணி முடித்தவர் தூக்கத்தை விட வேண்டும். இதையெல்லாம் தாண்டி இன்னொன்று இருக்கிறது: பயம். தன் பள்ளி நாட்களில் திட்டு வாங்கியே வளர்ந்த ஒருவருக்கு, பிள்ளையின் பள்ளி வாசலை மிதிக்கும்போதும் அதே நடுக்கம் வரும். பள்ளியிலிருந்து இதுவரை வந்த அழைப்பெல்லாம் புகார் சொல்ல வந்த அழைப்பாகவே இருந்திருந்தால், அடுத்த அழைப்புக்கு அவர் எப்படி ஆசையாக வருவார்? சில வீடுகளில் அழைப்புத் தாளே போய்ச் சேர்வதில்லை. அது புத்தகப் பையின் அடியில் மடிந்து கிடக்கும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அப்பா பள்ளிக்கு வருவதைவிடப் பெரிய சங்கடம் வேறென்ன!

இங்கேதான் உயர்நிலைப் பள்ளி தொடக்கப் பள்ளியிலிருந்து மாறுபடுகிறது. சின்ன வகுப்பில் ஒரே ஆசிரியர். வாசலில் பார்த்தாலே இரண்டு வார்த்தை பேசிவிடலாம். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தால் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். யாரிடம் கேட்பது என்றே தெரியாது. கணக்குப் பாடமோ வீட்டில் யாருக்கும் புரியாத உயரத்துக்குப் போய்விடும். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை, இனி நமக்கு இங்கே வேலை இல்லை என்று பெற்றோர் தாமாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

உண்மையில் அவர்களுக்கு வேலை இருக்கிறது. அது முன்பிருந்த வேலை அல்ல, அவ்வளவுதான். நான்சி ஹில், டயானா டைசன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2009இல் நடுநிலை வகுப்பு மாணவர்களைப் பற்றிய ஐம்பது ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்த்தார்கள். வீட்டுப்பாடத்தில் பெற்றோர் உதவுவதற்கும் பிள்ளையின் தேர்ச்சிக்கும் இடையே நல்ல தொடர்பு எதுவும் தெரியவில்லை. கூட்டங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் பள்ளிக்கு வந்து போவதற்கு ஓரளவு தொடர்பு இருந்தது. எல்லாவற்றையும்விட வலுவான தொடர்பு வேறொன்றுக்கு: படிப்பைப் பற்றி வீட்டில் பேசுவது, பிள்ளையிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதைச் சொல்வது, இன்றைய பாடத்தை நாளைய வேலையோடும் கல்லூரியோடும் சேர்த்துக் காட்டுவது. இதற்கு அல்ஜீப்ரா தெரிய வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பாடப்பிரிவை எடுத்தால் எந்தக் கதவு திறக்கும், எது மூடும், விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது, உதவித்தொகை யாருக்குக் கிடைக்கும் என்ற தகவல்கள் கையில் இருக்க வேண்டும். படித்த வீடுகளில் இதெல்லாம் பேச்சுவாக்கில் தெரிந்துவிடும். முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளையின் வீட்டுக்கு யாராவது கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் உண்டு. கழகம் செய்ய வேண்டிய முதல் வேலையாக நான் நினைப்பது இதைத்தான். சுற்றுச்சுவருக்கு வெள்ளை அடிப்பது அதற்குப் பிறகு.

தகவலின் பலத்துக்கு இன்னொரு சான்று சொல்கிறேன். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரப் பள்ளிகளில் டாட் ராஜர்ஸ், அவி ஃபெல்லர் என்ற இருவர் செய்த பரிசோதனை 2018இல் வெளிவந்தது. பிள்ளை இந்த ஆண்டு எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை என்ற எண்ணிக்கையைப் பெற்றோருக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். வேறொன்றும் செய்யவில்லை. நீண்ட நாள் பள்ளிக்கு வராத மாணவர்களின் எண்ணிக்கை பத்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தது. காரணம் எளிமையானது. தன் பிள்ளை எடுத்த விடுப்பு எவ்வளவு என்று பெற்றோருக்கே சரியாகத் தெரிவதில்லை, குறைவாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே ஒருநாள், அங்கே ஒருநாள், ஒரு திருமணம், ஒரு காய்ச்சல். கூட்டிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆனால் கூட்டிப் பார்ப்பது யார்? அந்தக் கணக்கு வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பரிசோதனை, உயர்நிலை மாணவர்களை வைத்தே நடந்தது. பாடத்தில் தவறியவர்கள் கோடை விடுமுறையில் மீண்டும் படித்துத் தேறுவதற்கான வகுப்பு அது. வாரம் ஒருமுறை, ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் ஆசிரியர் ஒரே ஒரு வாக்கியம் எழுத, அது பெற்றோருக்குப் போனது. மேத்யூ கிராஃப்டும் ராஜர்ஸும் 2015இல் எழுதிய கட்டுரையில் முடிவு இருக்கிறது: தேறாதவர்கள் 15.8 விழுக்காட்டிலிருந்து 9.3 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. ‘நன்றாகச் செய்கிறான்’ என்ற பாராட்டைவிட, ‘இன்னும் இரண்டு பயிற்சித் தாள் பாக்கி, வெள்ளிக்குள் முடித்தால் நல்லது’ என்பதுபோல எதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொன்ன வாக்கியமே அதிகம் வேலை செய்தது. பாராட்டை மட்டும் கேட்டால் பெற்றோருக்கு மகிழ்ச்சி. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால்தான் பிள்ளையோடு பேச ஒரு விஷயம் கிடைக்கிறது.

சரி, வாராவாரம் நூற்றுக்கணக்கான வாக்கியங்களை ஆசிரியர் எங்கே எழுதுவார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானே எழுதியிருக்க மாட்டேன். கழகம் தோள் கொடுக்க வேண்டிய இடம் இது. வகுப்புக்கு இரண்டு பெற்றோர் தொடர்பாளர்களாக முன்வந்தால் போதும். பிள்ளையின் மதிப்பெண்ணும் வருகையும் அவர்கள் கைக்குப் போகக் கூடாது. அது பள்ளிக்கும் அந்த வீட்டுக்கும் இடையே மட்டும் இருக்க வேண்டியது. ஆனால் மாறிப்போன தொலைபேசி எண்களைத் திருத்துவது, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்குக் கடிதத்தை வாய்மொழியாகச் சொல்வது, தேதிகளை நினைவூட்டுவது, விண்ணப்பப் படிவத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தருவது எல்லாம் இன்னொரு பெற்றோர் செய்யக்கூடியவைதான். சொல்லப்போனால் ஆசிரியரைவிட நன்றாகவே செய்வார்கள். பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டால் யாருக்கும் நடுக்கம் வராது.

ஒரு சம்பவம் ஞாபகம் வருகிறது. தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஆய்வகம், கணினி, சிறப்பு வகுப்பு என்று பட்டியல் போய்க்கொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். அவர் அதற்குமுன் கூட்டத்துக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. “பொண்ணுங்க கழிப்பறையில தாழ்ப்பாள் இல்லைங்களாம். எம் பொண்ணு மாசத்துல மூணு நாள் வர மாட்டேங்குது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூடத்தில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நான் உள்பட மேடையில் இருந்த எல்லாரும் வருகைப் பதிவேட்டில் அந்த விடுப்புகளைப் பார்த்திருந்தோம். தாழ்ப்பாளை யாரும் பார்க்கவில்லை. வாரம் முடிவதற்குள் கதவு நான்கிலும் தாழ்ப்பாள் போட்டாயிற்று. அந்த அம்மா வராமல் இருந்திருந்தால் நாங்கள் கணினியைப் பற்றியே பேசிக் கலைந்திருப்போம்.

வராதவரை வரவழைப்பது அவருக்குச் செய்கிற உதவி என்று நினைக்கிறோம். பள்ளிக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த அமைப்பின் பழைய கதையைப் பார்த்தால் அது தொடங்கியதே கோரிக்கை வைக்கத்தான். 1897 பிப்ரவரியில் வாஷிங்டனில் ஆலிஸ் பர்னியும் ஃபீபி ஹெர்ஸ்ட்டும் கூட்டிய தாய்மார் மாநாட்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். இன்றைய அமெரிக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வேர் அது. குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு, மழலையர் வகுப்பு, பள்ளியில் சூடான மதிய உணவு என்று அவர்கள் அரசிடம் கேட்டுப் போராடியவை பல. அதே நாட்டில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்றிருந்த காலத்தில், செலினா பட்லர் அவர்களுடைய பெற்றோருக்காக 1926இல் தனியே ஒரு தேசிய அமைப்பைக் கட்டினார். இரண்டும் ஒன்றாக இணைய 1970 வரை ஆயிற்று. கூட்டத்துக்கு யார் வரலாம் என்பதிலேயே எவ்வளவு அரசியல் இருந்திருக்கிறது பாருங்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கழகப் பொருளாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். அரசுப் பள்ளிக்குக் கட்டடமும் ஆசிரியரும் தருவது அரசின் கடமை. கழகம் ஓடி ஓடி வசூலித்து அந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டே இருந்தால், பள்ளம் இருப்பதே மேலே தெரியாமல் போகும். வசதியான பகுதியில் உள்ள பள்ளிக்கு வசூல் கொட்டும். ஏழைப் பகுதியில் கொட்டாது. இதைச் சமாளிக்க அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில், பெற்றோர் திரட்டும் நிதி ஓர் அளவைத் தாண்டினால் அதில் மூன்றில் ஒரு பங்கு மற்றப் பள்ளிகளுக்கான பொது நிதிக்குப் போக வேண்டும் என்று பல ஆண்டுகள் விதி வைத்திருந்தார்கள். பணம் எப்போதும் தீமை என்றும் சொல்ல முடியாது. மெக்சிகோவில் 1990களில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்களுக்கு அரசே சிறு தொகை கொடுத்து, பழுதுபார்ப்பது போன்ற வேலைகளுக்கு எப்படிச் செலவிடுவது என்பதை அவர்களிடமே விட்டது. அந்தப் பள்ளிகளில் தவறியவர்களும் அதே வகுப்பில் தங்கியவர்களும் குறைந்ததாக ஆய்வுகள் காட்டின. தொகை அற்பம்தான். முடிவெடுக்கும் உரிமை கைக்கு வந்ததால் பெற்றோர் பள்ளிக்குள் வரத் தொடங்கினார்கள்.

வரவு செலவைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். அரை வரி சந்தேகம் ஆண்டு முழுக்க வேலையைக் கெடுக்கும்.

எதுவரை போகலாம் என்பதும் பேச வேண்டிய விஷயம். வகுப்பு ஜன்னலில் நின்று பாடத்தை வேவு பார்ப்பதும், தன் பிள்ளைக்கு மட்டும் பிரிவு மாற்றம் கேட்பதும், ஆசிரியர் இடமாறுதலில் கை வைப்பதும் கழகத்தின் வேலையே இல்லை. அதுபோல, பள்ளியில் பிள்ளையே படிக்காத பெரிய மனிதர் ஒருவர் காலாகாலமாகத் தலைவர் நாற்காலியில் இருப்பதையும் நான் ஒப்புவதில்லை. கட்டாயமும் உதவாது. ஜப்பானில் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பரவிய இந்தச் சங்கத்தில், பிள்ளை சேர்ந்தால் பெற்றோரும் தானாக உறுப்பினர், ஒவ்வொருவரும் எப்போதாவது ஒரு பொறுப்பை ஏற்றே ஆக வேண்டும் என்பது எழுதாத சட்டம்போல ஆகிவிட்டது. வேலைக்குப் போகும் தாய்மார்களின் முணுமுணுப்பு வளர்ந்து, இப்போது ‘விருப்பம் இருந்தால் மட்டும்’ என்று மாறிவருகிற பள்ளிகள் அங்கே இருக்கின்றன. அரை மணி நேரம் தரக்கூடியவரிடம் அரை மணி நேரத்தை மட்டும் கேளுங்கள். மகிழ்ச்சியாகத் தருவார்.

கழகப் பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த கூட்டத்துக்கு முன் மூன்று மாற்றங்களைச் செய்து பாருங்கள். கூட்டத்தை ஒருமுறை மாலையில், ஒருமுறை விடுமுறை நாளில் வையுங்கள். ‘இதர பொருள்’ என்ற கடைசி வரியை நிரலின் முதல் வரியாகப் போடுங்கள். பெற்றோர் பேசிய பிறகு தேர்ச்சி விழுக்காட்டை வாசிக்கலாம், அது எங்கும் ஓடிப்போகாது. மூன்றாவது, வருகைக் கையெழுத்துத் தாளைக் கோப்பில் போடுவதற்கு முன் வகுப்புவாரியாக எடுத்து, கையெழுத்து இல்லாத பெயர்களைத் தொடர்பாளர்களிடம் பிரித்துக் கொடுங்கள். அந்த வாரத்துக்குள் ஆளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. “ஏன் வரலை?” என்று ஆரம்பிக்க வேண்டாம். “பள்ளியில எதை மாத்தணும்னு நினைக்கிறீங்க?” என்று கேளுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.